எஞ்சினியர் மருமகன்

டென்மார்க்கில் ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். ஒலிபெருக்கி டேனிஷ் மொழியில் நெடுநேரம் எதையோ விளக்கிக்கொண்டுதான் வந்தது. பக்கத்தில் காலுறை பின்னிக்கொண்டிருந்த அம்மையார் என் பயணச்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"வைலேக்கா போகிறீர்கள்? நீங்கள் தவறான பாதியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"எப்போது மாற வேண்டும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "போன ஸ்டேஷனில்."

முன்பெட்டிகள் வைலேக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் இருந்த பெட்டி வேறு திசையில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மையார் ஆறுதலாகக் கறுப்பு இனிப்பு ஒன்றைத் தந்தார். அதில் உப்புப் போட்டிருந்தது. பனங்கட்டியைக் கசாயத்தில் ஊறவைத்து, பிறகு கடலில் கழுவினால் அந்தச் சுவை வரும். டேனிஷ்காரர் இதைக் குழந்தைகளுக்குக் கொடுத்து வளர்க்கிறார்கள். வாழ்க்கையில் வேறு எதுவும் அவர்களை அதிர்ச்சியடைய வைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கோல்டிங் என்ற ஊரில் இறங்கி மச்சான் குலத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அத்தான், அங்கையே நில்லுங்கோ. அசையாதையுங்கோ. வாறன்" என்றான்.

குலம் என் காலஞ்சென்ற மனைவியின் தம்பி. இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிரின்ஸ்டெட் என்ற சிறிய ஊரின் தொழிற்சாலையில் சேர்ந்தவன். அங்கேயே வேலை செய்து, அங்கேயே ஓய்வு பெற்றான். ரயில் இல்லாத, பஸ் குறைந்த ஊர் அது. கார் இல்லாதவன் அங்கே மேசை நாற்காலிபோல வீட்டுத் தளபாடம்தான். அவனுடைய மகன் சுதனுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் நான் லண்டனிலிருந்து முதல் முறையாக டென்மார்க் வந்தேன். எத்தனையோ முறை அழைத்தும் வராமலிருந்ததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. காரில் ஏறி பெல்ட் போடுவதற்கிடையில் குலம் அதையே தொட்டான்.

"எஞ்சினியர் வாறாரோ?"

"ஓம். வாறார்."

"அப்பாடா! இந்த முறையாவது அந்த மனுசனுக்கு லீவு குடுத்தாங்களே."

எஞ்சினியர் என்று அவன் சொன்னது என் மருமகன் கொலினை. கொலின் எஞ்சினியர் இல்லை. அவர் கிட்டார் வாசிப்பவர், பாடகர். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பஸ் சாரதிக்கு மகனாகப் பிறந்து, பள்ளிக்கூடம் முடியுமுன்னரே மதுச்சாலைகளில் வாசிக்கத் தொடங்கியவர். நாலு பெடியன்கள் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். ஒரு பாட்டு நாடு முழுக்க ரேடியோவில் ஒலித்தது. இரண்டு இசைத்தட்டு வந்தது. மூன்றாவது விற்கவில்லை, கம்பனி கைவிட்டது, குழு உடைந்தது. மற்ற மூவரும் வேறு வேலைக்குப் போனார்கள். கொலின் போகவில்லை. பிறர் பாடும் மேடைகளில் பின்னால் நின்று வாசித்தார், உல்லாசக் கப்பலில் வாசித்தார், பள்ளிப்பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். தனியாக ஒரு தட்டு வெளியிட்டார். இங்கிலாந்து அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் டென்மார்க் ரேடியோவில் யாரோ அதிலிருந்து ஒரு பாட்டைப் போட, டேனிஷ்காரருக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வருடம் தவறாமல் இந்தச் சிறிய ஊர்களுக்கு வந்து பாடுகிறார். என் மகள் தாரணி வானை ஓட்டுவாள், வாசலில் இசைத்தட்டு விற்பாள். காய்ச்சலோடு பாடியிருக்கிறார். ஒரு கச்சேரியையும் அவர் ரத்துச் செய்ததில்லை.

இத்தனை விவரமும் எனக்குத் தெரியும். அவர் பாடி ஒருமுறையும் கேட்டதில்லை.

தாரணி அவரைப் பதிவுத் திருமணம் செய்தபோது நான் போகவில்லை. மறுநாள் குலம் தொலைபேசியில் கேட்டான், "மாப்பிள்ளை என்ன செய்யிறார் அத்தான்?" எங்கள் ஆட்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பார்கள். நான் "எஞ்சினியர்" என்றேன். யோசித்துச் சொன்ன சொல் அல்ல, நாக்கில் தயாராக இருந்த சொல். அதைக் காப்பாற்றுவதற்காக ஸ்கொட்லாந்தில் ஒரு பாலம் கட்டினேன், டுபாயில் இன்னொன்று. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு எஞ்சினியருக்கு லீவு கிடைப்பதே இல்லை. தாரணி வருடாவருடம் டென்மார்க் வந்தும் மாமன் வீட்டுக்குப் போகாததற்கும் நானே காரணம். நான் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவன். நீதிமன்றத்தில் சொல்லாத பொய்யெல்லாம் வீட்டுத் தொலைபேசியில் சொன்னேன்.

வாற்கோதுமை அறுத்த வயல்களுக்கு நடுவே கார் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் காற்றாலைகள் அவசரமில்லாமல் சுழன்றன. குலம் திடீரென்று சிரித்தான்.

"ஞாபகமிருக்கோ அத்தான்? சுதன் சின்னப் பெடியனா இருக்கேக்கை, ரீவியிலை ஆரோ பாட்டுக்காரனைக் கண்டிட்டு, கலியாணப் படத்திலை கண்ட முகமெண்டு, 'இது தாரணி மச்சாளின்ர புருசன்' எண்டு நிண்டவன்."

ஞாபகம் இருந்தது. அன்று குலம் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அவனுக்கு ஆள் மாறிப்போச்சு" என்றேன். குலம் உடனே சுதனிடம் போனைக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வைத்தான். மறுமுனையில் உடையத் தொடங்கிய குரல் ஒன்று "சொறி மாமா" என்றது. நான் பெருந்தன்மையாக, "பரவாயில்லை தம்பி" என்றேன்.

"போனை வைச்சாப் பிறகு கன்னத்திலை ஒண்டு குடுத்தனான். 'லோயர் மாமாவைப் பொய்யன் எண்டுறியோ?' எண்டு. இந்த நாட்டிலை பிள்ளையளுக்குக் கை ஓங்கக்கூடாது அத்தான். நான் கை வைச்சது அந்த ஒருநாள்தான்." அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "பிறகு அவன் என்னட்டை ஒண்டும் வந்து சொல்லமாட்டான். எல்லாம் தாயோடைதான்."

அந்த அடியைப் பற்றி அதுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் வீடு வந்து சேரும்வரை நான் காற்றாலைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குலத்தின் வீட்டு வாசலில் காலணிகள் ஒரு சிறு மலையாகக் கிடந்தன. அவன் மனைவி ரதி, "கலியாணம் முடியுமட்டும் சைவம் அண்ணை, குறை நினையாதையுங்கோ" என்று இடியப்பமும் சொதியும் வைத்தாள். குலம் மட்டும் இந்த ஊர்க் கறுப்பு ரொட்டிப் பாணில் தேங்காய்ச் சம்பலைத் தடவிச் சாப்பிட்டான். அந்தப் பாண் செங்கல்லின் நிறம், ஏறக்குறைய அதன் எடை. ஆனால் சம்பலோடு சேர்ந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. லண்டனில் இத்தனை ஆண்டு இருந்தும் எனக்கு இப்படி ஒன்று தோன்றவில்லை.

சுதன் மாலையில் வந்தான். நெடிய பெடியன். வைலேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. "வாங்கோ மாமா, பயணம் எப்பிடி?" என்று பிழையில்லாத தமிழில் கேட்டான். தகப்பன் கேட்டவற்றுக்கு டேனிஷில் இரண்டு சொல்லுக்கு மேல் பதில் சொல்லவில்லை. என்னிடம் ஒரு குறையும் வைக்காமல் மரியாதையாக நடந்துகொண்டான். அந்த மரியாதையின் பாரம் எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊர் விளையாட்டு மண்டபத்தில் கல்யாணச் சோடனை நடந்துகொண்டிருந்தது. தரையில் கூடைப்பந்தாட்டக் கோடுகள். மணவறையைக் கூடைக்கு நேர் கீழே நிறுத்தியிருந்தார்கள். தாரணியும் கொலினும் வானில் வந்து இறங்கினார்கள். கொலினுக்கு முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. வலக்கை நகங்களைக் கிட்டாருக்காக நீளமாக வளர்த்திருப்பார். அந்த நகங்களை யாராவது கவனித்துவிடுவார்களோ என்று எனக்குள் பழைய பயம் எழுந்தது.

குலம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான். "வெல்கம், எஞ்சினியர்!"

கொலின் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு "நன்றி" என்றார் தமிழில்.

அந்த நேரம் பார்த்து மைக் கூவத் தொடங்கியது. யார் வாயைத் திறந்தாலும் அது நாயை மிதித்தது போல் அலறியது. அறிவிப்பாளர் யோகன் அண்ணை அதைக் கையில் பிடித்தபடி செய்வதறியாமல் நின்றார். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் அவர்தான் அறிவிப்பாளர்.

குலத்துக்கு முகம் மலர்ந்தது. "நாங்கள் ஏன் யோசிக்கிறம்? எஞ்சினியர் நிக்கிறார். அத்தான், ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கோவன்!"

நான் சொல்லவில்லை. கொலின் தானே போனார். ஒலிபெருக்கிப் பெட்டிகளை மைக்குக்கு முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார். ஒரு குமிழை இறக்கினார், ஒன்றை ஏற்றினார், மைக்கில் விரலால் தட்டினார். கூவல் நின்றது. மண்டபமே கைதட்டியது.

"பார்த்தியளே, படிச்ச படிப்பு!" என்றான் குலம் எல்லோருக்கும்.

ஏணியில் நின்று பூ கட்டிக்கொண்டிருந்த சுதன் இறங்கி வந்து கொலினின் கையைக் குலுக்கினான். கண்கள் என்மேல் இருந்தன. "பாலங்களெல்லாம் எப்படி இருக்கின்றன?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"இதுவரை ஒன்றும் விழவில்லை" என்றார் கொலின்.

அவரை நான் வெளியே அழைத்துப்போனேன். சைக்கிள்கள் சாத்தியிருந்த சுவரோரம் இரண்டுபேரும் நின்றோம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவரே தொடங்கினார்.

"மாமா, நான் எந்த வகை எஞ்சினியர்? தெரிந்திருந்தால் பதில் சொல்ல வசதி."

"சிவில்."

"அடடா. அப்படியென்றால் அந்த ஒலிபெருக்கியைத் தொட்டிருக்கக் கூடாது."

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"என் அப்பா, நான் வங்கியில் வேலை செய்வதாக அயலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். முதல் பாட்டு ரேடியோவில் வந்த பிறகுதான் நிறுத்தினார். அப்பாக்களுக்கு வரும் காய்ச்சல் அது. உங்களுக்குக் கொஞ்சம் நீடித்துவிட்டது." பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னார், "என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கேட்டால் சிவில் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஆனால் அந்தப் பையன்... அவனுக்குத் தெரியும், இல்லையா?"

நான் சுதனின் கதையைச் சொன்னேன், அடி உட்பட. கொலின் சரிந்திருந்த ஒரு சைக்கிளை நிமிர்த்திச் சுவரில் சாத்தினார். பிறகு, "அப்படியென்றால் நீங்கள்தான் அதைச் சரிசெய்ய வேண்டும், மாமா. அந்த எஞ்சினியரிங் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை இஷொயிலிருந்து பெண் வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்திறங்கினார்கள். தலைநகர்ப் பக்கத்து ஆட்கள். கிரின்ஸ்டெட்டைப் பார்த்து, "இதுக்குப் பிறகும் ரோட்டு இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். பெண் வாணி, பெரிய அலங்காரத்துக்குள்ளும் சிரிப்பை அடக்கத் தெரியாத பிள்ளை. கூறைச் சேலை மாற்றி, தாலி கட்டி, எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. நேரத்துக்கு முடிந்த தமிழ்க் கல்யாணத்தை நான் முதல் முதலில் பார்த்தது டென்மார்க்கில்தான்.

பிறகு அறுகரிசி போடும் நேரம். அறுகம்புல்லும் அரிசியும் கலந்து மணமக்களின் தலையிலும் தோளிலும் முழங்காலிலும் தூவி, மூத்தவர்கள் சோடி சோடியாக ஆசி கூறுவார்கள். பட்டம் பதவியோடு யோகன் அண்ணை ஒவ்வொருவராக அழைத்தார். முதலில் பெண்ணின் பெற்றோர், அடுத்து குலமும் ரதியும். இருவரும் தூவிவிட்டு மணவறையின் ஓரத்தில் நின்றார்கள். பிறகு எங்கள் முறை.

"அடுத்து, லண்டனிலிருந்து வருகை தந்திருக்கும் மாப்பிள்ளையின் மாமா, சட்டத்தரணி அவர்களும், அவரது மகள் தாரணியும், மருமகன் பிரபல பொறியியலாளர் கொலின் அவர்களும்..."

இளசுகள் இருந்த பின்வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. அவர்களில் பாதிப்பேர் கொலினின் பாட்டுகளைக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தார்கள். வந்ததிலிருந்து அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுதன் மணவறையில் இருந்தபடி தரைக் கோடுகளைப் பார்த்தான்.

நான் அறுகரிசியை எடுக்காமல் யோகன் அண்ணையிடம் போய் மைக்கை வாங்கினேன். ஆயிரம் முறை நீதிமன்றத்தில் எழுந்து நின்றிருக்கிறேன். குற்றவாளியாக நின்றது அன்றுதான்.

"மன்னிக்க வேணும். ஒரு திருத்தம். என்ர மருமகன் எஞ்சினியர் இல்லை. அவர் பாட்டுக்காரர். கிட்டார் வாசிக்கிறவர். எஞ்சினியர் எண்டது நான் சொன்ன பொய். சுதன் சின்ன வயதிலை இவரை ரீவியிலை கண்டு உள்ளதைச் சொன்னவன். நான் இல்லையெண்டு சொல்லி, அந்தப் பிள்ளையைப் பொய்யனாக்கினன். மன்னிப்பும் கேக்க வைச்சன். அந்த மன்னிப்பு அவன் கேக்க வேண்டியதில்லை, நான் கேக்க வேண்டியது. தம்பி சுதன், என்னை மன்னிச்சுக்கொள்."

மைக் ஒரு சிறு கூவல்கூட இல்லாமல் அத்தனையையும் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. கொலின் அதை அவ்வளவு நன்றாகத் திருத்தியிருந்தார்.

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாத தவில்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

மேளம் ஓய்ந்ததும் சுதன் தகப்பனைப் பார்த்து டேனிஷில் ஏதோ சொன்னான். நாலு சொல் இருக்கும். குலத்தின் முகம் மாறியது.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

குலம் என்னைப் பார்க்காமலே மொழிபெயர்த்தான். "'அப்பா, நான் அப்பவே சொன்னனான்' எண்டுறான்."

குலம் ஏற்கனவே ஒருமுறை தூவியிருந்தான். அதைப் பொருட்படுத்தாமல் தட்டிலிருந்து மறுபடியும் அறுகரிசி எடுத்துக்கொண்டு மகனிடம் போனான். தலையில் தூவினான், தோளில் தூவினான். முழங்காலுக்கு இறங்க வேண்டிய கை சுதனின் கன்னத்தில் நின்றுவிட்டது. ஐயர் பொறுத்திருந்தார். சுதன் தலையைக் குனிந்து அந்தக் கைக்குள் கொஞ்சம் சாய்ந்தான்.

அதன் பிறகு குலம் என் பக்கத்தில் வந்து, "உங்களோடை பிறகு கதைக்கிறன்" என்றான். கதைக்கவில்லை. பந்தியில் என் இலைக்குப் பாயாசம் ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்காரரோடு காலநிலை பற்றிக் கதைத்தான். ரதிதான் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணை, எங்கட மூத்தவள் கடையிலை பாண் சுடுறாள். அதை அவர் உங்களுக்கு ஒருநாளும் மறைக்கேல்லையே." சாப்பாடு முடிந்து எழும்பும்போது சுதன் வந்து, "மாமா, நாளைக்கு வைலேயிலை கொலின்ர கச்சேரி, போறியளோ?" என்றான்.

"ஓம். போறன்."

"முதல்தரமோ?"

"முதல்தரம்."

"நான் மூண்டு தரம் பார்த்திட்டன்" என்றான். அதில் வெற்றிக் களிப்பு இருந்தது. அவன் அதை நன்றாக அனுபவித்தான், அது அவனுக்கு வரவேண்டியதுதான்.

வைலே ஒரு கடல்நீரேரியின் முனையில் இருக்கும் ஊர். சுற்றிலும் குன்றுகள். குன்றென்றால் நம் கணக்கில் மேடு, டேனிஷ் கணக்கில் மலை. பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றை மண்டபமாக்கியிருந்தார்கள். வாசலில் தாரணி இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் என் கோட்டை வாங்கித் தன் நாற்காலியில் மாட்டினாள்.

ஞாயிறு பிற்பகல் என்றபடியால் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். முதலாவது பாட்டுக்கு முன்னால் என் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. குலம். கல்யாணத்துக்கு வாங்கிய புதுக் கோட்டில் வந்திருந்தான்.

"சுதன்தான் போகச் சொன்னவன்" என்று மேடையைப் பார்த்தபடி சொன்னான்.

கொலின் தனியாக வந்தார். ஓரங்களில் வண்ணம் தேய்ந்து மரம் தெரியும் கிட்டார். அதைச் சுருதி சேர்த்துக்கொண்டே மைக்கில் சொன்னார், "என்னைப் பலவருடங்களாக ஒரு எஞ்சினியர் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். நேற்று அந்த வேலை போய்விட்டது. ஆகவே இன்று முழுமனதோடு பாடலாம்." காரணம் தெரியாமலே மண்டபம் சிரித்தது. எனக்கு முகம் சூடேறியது. குலம் என் தொடையில் பலமாகத் தட்டினான். வலித்தது. மச்சான் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று அறிந்துகொண்டேன்.

சங்கீதம் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். நல்ல வழக்கறிஞருக்குப் பேசத் தெரிந்தால் போதாது, எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். கொலினுக்கு அது தெரிந்திருந்தது. பஸ் சாரதியான தகப்பனைப் பற்றி ஒரு பாட்டு. கடைசி வரிக்கு முன்னால் கையைக் கம்பிகளில் வைத்து ஒலியை நிறுத்தினார். இருமல்கூட இல்லை. அந்த மௌனத்தை அவர் பிடித்து வைத்திருந்தார், நாங்கள் எல்லோரும் அதற்குள் இருந்தோம். பிறகு அந்த வரியை அவர் பாடவில்லை. மண்டபம் பாடியது. தொழிற்சாலைப் பெண்கள், கிழவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்திருந்த தகப்பன், ஆங்கிலம் அவர்கள் வீட்டுமொழி போலப் பாடினார்கள். வாசலில் நின்ற தாரணியின் உதடுகளும் அசைந்தன.

இந்த மனிதரையா மறைத்தேன் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவுக்குள் வெட்கமும் இருந்தது. இரண்டையும் பிரிக்க நான் முயலவில்லை.

இடைவேளையில் குலத்துக்கு அப்பாலிருந்த டேனிஷ்காரர் எங்கள் இருவரையும் பார்த்து ஏதோ கேட்டார். குலம் நெஞ்சை நிமிர்த்தி, கையை மேடைப்பக்கம் நீட்டி, டேனிஷில் நெடுநேரம் விளக்கினான். அந்த மனிதர் வியந்து எழுந்து எனக்கும் கைகொடுத்தார்.

"என்ன சொன்னனீ?"

"எங்கட மருமகன் எண்டு சொன்னன்."

"அதுக்கு இவ்வளவு நேரமோ?"

குலம் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "இங்கிலாந்திலை இவரை விட்டால் ஆளில்லை, ராணியே கூப்பிட்டுப் பாட வைச்சவா எண்டும் சொன்னன்."

விளக்குகள் மங்கின. கொலின் மறுபடியும் மேடைக்கு வந்துகொண்டிருந்தார். நான் அதைத் திருத்தவில்லை.